212 நாள் பச்சைக் கட்டம்: மருத்துவ மாணவர்கள் கணினியோடு செய்யும் தவறுகள்

சென்ற மாதம் மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர் ஃபோனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். திரை முழுக்கப் பச்சைக் கட்டங்கள். கேள்வி-பதில் கார்டுகளைத் திரும்பத் திரும்பக் காட்டி மனப்பாடம் செய்யவைக்கும் ஆன்கி செயலியில் 212 நாள், ஒரு நாள்கூட விடாமல் படித்ததற்கான அத்தாட்சி. “பாருங்க அக்கா, நேத்து மட்டும் 640 கார்டு” என்றார். நல்லது என்று சொல்லிவிட்டு, மேசையில் கிடந்த ஒரு ரத்தப் பரிசோதனை அறிக்கையை எடுத்துக் கொடுத்தேன். சோடியம் குறைவு, பொட்டாசியம் அதிகம், சர்க்கரையும் கொஞ்சம் குறைவு. “இதைப் பார்த்தா என்ன தோணுது?” என்று கேட்டேன். தாளை இப்படியும் அப்படியும் திருப்பினார். அப்புறம், “இந்த மாதிரி கார்டு வரலையே அக்கா” என்றார்.

இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் நினைவுக்கு வர வேண்டியது அடிசன் நோய். அவருடைய டெக்கிலேயே, அதாவது கார்டுத் தொகுப்பிலேயே, ‘அடிசன்’ என்று அடித்துத் தேடினோம். 14 கார்டுகள் இருந்தன. எல்லாவற்றையும் பலமுறை பார்த்திருந்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாணவியாக இருந்தபோது நானும் இதே இடத்தில் இப்படித்தான் விழுந்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். பேக்கப் எடுங்கள், பாஸ்வேர்டைப் பகிராதீர்கள், படிக்கும்போது நோட்டிஃபிகேஷனை அணைத்துவையுங்கள் என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. அவை தவறு என்று உங்களுக்கே தெரியும், தெரிந்துதான் செய்கிறீர்கள். தவறு என்றே தெரியாமல் செய்பவைதான் இங்கே.

இன்னொருவர் டெக்கை முழுசாக விழுங்குவது

இதைப் பற்றிப் பேசினால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். ஒரு வருடத்தை இதில் தொலைத்தவள் நான்.

முதலில் ஆன்கிக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். மனப்பாடம் செய்தவை எவ்வளவு சீக்கிரம் மறக்கின்றன என்பதை ஹெர்மன் எபிங்ஹவுஸ் தன்னையே சோதித்து 1885இல் எழுதினார். மறக்கும் தறுவாயில் மறுபடி நினைவூட்டினால் அடுத்த இடைவெளியை நீட்டலாம் என்ற கணக்கைப் பியோத்தர் வோஸ்னியாக் 1987இல் கணினி நிரலாக்கினார். அதை அடித்தளமாகக் கொண்டு 2006இல் வந்ததுதான் ஆன்கி. நினைவிலிருந்து பதிலை இழுத்து எடுப்பது திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட நீண்ட நாள் நிற்கும் என்பதற்கும் சான்று உண்டு. 2006இல் ரோடிகரும் கார்பிக்கியும் செய்த சோதனையில், 5 நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுவாசிப்புச் செய்தவர்கள் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, தங்களையே கேள்வி கேட்டுப் படித்தவர்கள்தான் முன்னால். ஆக, கருவியில் கோளாறு இல்லை.

இனி என் கதை. இரண்டாம் ஆண்டில் ஒரு சீனியர் பென் டிரைவில் ஒரு டெக் கொடுத்தார். இருபதாயிரத்துக்கு மேல் கார்டுகள். ஏதோ புதையல் கிடைத்ததுபோல் அன்று இரவே ஏற்றினேன். ஒரு நாளைக்கு 20 புதிய கார்டு என்பதுதான் ஆன்கி தானாக வைத்திருக்கும் அளவு. நான் அதை 100 ஆக்கினேன். அன்றன்றைக்கு வரும் மீள்பார்வை, புதிய கார்டுகளைப் போல் ஏறத்தாழப் பத்து மடங்கு ஆகும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. சில வாரங்களில் தினமும் ஆயிரம் கார்டு வரிசையில் நின்றது. கார்டுக்கு 8 விநாடி என்றாலும் அதற்கே இரண்டே கால் மணி நேரம் போய்விடும்.

அப்போது காய்ச்சல் வந்து நான்கு நாள் படுத்துவிட்டேன். எழுந்து வந்து பார்த்தால் 3,600 கார்டு.

அங்கேதான் நான் ஏமாற்ற ஆரம்பித்தேன். ஆன்கியில் நான்கு பொத்தான்கள்: அகெய்ன், ஹார்டு, குட், ஈஸி. மறந்துபோனதற்கு அகெய்ன். அதை அழுத்தினால் அந்தக் கார்டு சில நிமிடத்தில் மறுபடி வந்து நிற்கும்; வரிசை குறையாது. ஹார்டை அழுத்தினாலோ கார்டு போய்விடும். எனவே தெரியாததற்கெல்லாம் ஹார்டு அழுத்தினேன். ‘கஷ்டமாகத்தானே இருந்தது, ஹார்டு சரிதானே’ என்று மனசுக்குள் ஒரு சமாதானம் வேறு. ஆனால் ஆன்கியின் கணக்கில் ஹார்டு என்றால் ‘கஷ்டப்பட்டேன், ஆனால் நினைவுக்கு வந்துவிட்டது’ என்று பொருள். அது பாஸ் மார்க். இடைவெளி குறையாது, கொஞ்சம் நீளும். மறந்ததை மறந்தேன் என்று சொல்லாவிட்டால் அந்த நிரலுக்கு வேறு எப்படித் தெரியும்?

அந்த வருடம் ஒரு நாள் வார்டு ரவுண்ட்ஸில் பேராசிரியர் ஒரு ஈசிஜியை நீட்டினார். நோயாளிக்குச் சிறுநீரகச் செயலிழப்பு. டி-அலைகள் கூடாரம்போல உயரமாகக் கூர்த்து நின்றன. “என்ன தெரியுது?” எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ‘பொட்டாசியம் மிகும்போது ஈசிஜியில் முதலில் தெரியும் மாற்றம்: ____’ என்ற கார்டு என் டெக்கில் இருந்தது. ‘உயரமான கூர்த்த டி-அலை’ என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் டி-அலையைக் காட்டிப் பொட்டாசியத்தைக் கேட்டால் வாய் திறக்கவில்லை. கார்டு ஒரு திசையில் மட்டும்தான் ஓடியிருந்தது. நோயாளியோ எப்போதும் மறு திசையிலிருந்துதான் வருவார். நோயின் பெயரைச் சொல்லிக்கொண்டு யாரும் வார்டுக்குள் நுழைவதில்லை.

பக்கத்தில் நின்ற தோழி சொல்லிவிட்டாள். அவளுக்கு ஆன்கி என்றால் என்னவென்றே தெரியாது. அடுத்து, “உடனே என்ன கொடுப்பீங்க?” என்ற கேள்வியும் என்னிடமே வந்தது. இன்சுலினும் குளுக்கோஸும் என்றேன். முதலில் இதயத் தசையைக் காக்கக் கால்சியம் குளுக்கோனேட், அது பொட்டாசியத்தைக் குறைக்காது, நேரம் வாங்கித் தரும், இன்சுலின் அதற்கு அப்புறம் என்று பேராசிரியர் பொறுமையாக விளக்கினார். அன்று இரவு அந்தக் கார்டைத் தேடி எடுத்து அதன் வரலாற்றைப் பார்த்தேன். ஏழு முறை பார்த்திருக்கிறேன். நான்கு முறை ஹார்டு. அடுத்து அது வர வேண்டிய நாள் 74 நாள் கழித்து.

பொத்தானில் பொய் சொன்னது ஒரு பக்கம். இன்னொன்று, என்னை நானே ஏமாற்றுவது தெரியாமலே நடந்தது. ஒரே வாக்கியத்தை இருபது முறை பார்த்தால் முழுதாக வாசிக்கவே மாட்டீர்கள். ‘இடப்பக்கம் மஞ்சள் படம், இரண்டு வரி, கடைசியில் கோடிட்ட இடம்’ என்று பார்த்ததுமே கை ஸ்பேஸ்பாரைத் தட்டும், வாய் ‘ஸ்பைரோனோலேக்டோன்’ என்று சொல்லும். உங்களுக்குத் தெரிந்தது மருந்து இல்லை, அந்தக் கார்டின் முகஜாடை. இன்னொருவர் எழுதிய வாக்கியம் என்பதால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். அந்த வாக்கியத்தை உருவாக்கும்போது அவர் பட்ட பாட்டில்தான் படிப்பு இருந்தது. அதை அவரே அனுபவித்துவிட்டார். நமக்கு வந்து சேர்ந்தது சக்கை.

ஆன்கி 8 முறை மறந்த கார்டுக்கு ‘லீச்’ என்று பெயரிடும். லீச் என்றால் அட்டை. கார்டுக்கும் தமிழில் அட்டைதான். ரத்தம் குடிக்கும் அட்டை எது, படிக்கும் அட்டை எது என்று அந்த வருடம் எனக்கே குழம்பிவிட்டது.

இப்போது யாராவது கேட்டால் நான் சொல்வது இதுதான். பெரிய டெக்கை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் எல்லாக் கார்டையும் சஸ்பெண்ட் செய்துவிட்டு, அன்று படித்துப் புரிந்துகொண்ட பாடத்துக்கு உரியதை மட்டும் திறந்துவிடுங்கள். புரியாததை ஆன்கி புரியவைக்காது. நாளைக்கு 15, 20 புதிய கார்டு போதும். வார்டில் திணறிய கேள்வியை அன்றே உங்கள் சொற்களில் ஒரு கார்டாக எழுதுங்கள். நோயிலிருந்து அறிகுறிக்கு ஒன்று, அறிகுறியிலிருந்து நோய்க்கு இன்னொன்று. ஈசிஜி, எக்ஸ்ரே என்றால் வர்ணனையை எழுதாமல் படத்தையே முன்பக்கம் வையுங்கள். மறந்தால் அகெய்ன், கூச்சப்படாமல். 2023இல் ஆன்கிக்குள் வந்த எஃப்எஸ்ஆர்எஸ் என்ற புதிய கணக்கு உங்கள் பொத்தான் வரலாற்றைப் பார்த்தே இடைவெளியைத் தீர்மானிக்கிறது. அதில் மறந்ததற்கு ஹார்டு அழுத்தினால் மற்றக் கார்டுகளின் இடைவெளியும் சேர்ந்து கெடும். வரிசை குவிந்துவிட்டால் புதிய கார்டை நிறுத்துங்கள், பழையதைப் பல நாளாகப் பிரித்து முடியுங்கள். ஒரே இரவில் 3,600 முடித்தேன் என்று என்னிடம் வந்து சொல்லாதீர்கள். எந்தப் பொத்தானை அழுத்தினீர்கள் என்று எனக்குத் தெரியும்.

காணொளியை இரட்டை வேகத்தில் ஓட்டுவது

வேகம் பரவாயில்லை. ஒருமுறைகூட நிறுத்தாமல் பார்த்து முடிப்பதுதான் தவறு.

பப்மெட்டில் முழுக் கேள்வியையும் கொட்டுவது

‘நீரிழிவு உள்ள முதியவர்களுக்கு எந்த மருந்து சிறந்தது’ என்பதுபோல் ஒரு முழு வாக்கியத்தை ஆங்கிலத்தில் அடித்துவிட்டு, ஒன்றும் வரவில்லை என்று மூடிவிடுவார்கள். மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் தளமான பப்மெட் 1996இலிருந்து இருக்கிறது. கோடிக்கணக்கான கட்டுரைகளின் குறிப்பு அதில் உண்டு. வராமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் நாம் தேடும் விதம். நீங்கள் அடிக்கும் சொற்கள் எல்லாமே கட்டுரையின் குறிப்பில் இருக்க வேண்டும் என்றுதான் அது எடுத்துக்கொள்ளும். தேவையில்லாத ஒரு சொல் நுழைந்தாலும் நல்ல கட்டுரை நழுவிவிடும்.

அடுத்தது மேற்கோள் குறி. ‘ஹார்ட் அட்டாக்’ என்று சும்மா அடித்தால், பப்மெட் ‘மெஷ்’ என்ற மருத்துவச் சொல் அகராதியில் அதற்குரிய சொல்லான மயோகார்டியல் இன்ஃபார்க்‌ஷனையும் சேர்த்தே தேடும். அந்த அகராதி 1960இலிருந்து நூலகர்கள் கட்டிவரும் சொத்து. மேற்கோள் குறிக்குள் போட்டால் அந்த உதவி நின்றுவிடும்; அந்தச் சொற்கள் அப்படியே வரும் இடங்களை மட்டும் தேடும். துல்லியமாகத் தேடுகிறோம் என்று நினைத்து நான் எல்லாவற்றையும் மேற்கோளில் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நூலகர் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, “யம்மா, நீயே கதவைச் சாத்திட்டு யாரும் வரலைன்னு சொல்றியே” என்றார். அதற்காக மெஷ் சொல்லை மட்டும் நம்பியும் இருக்க வேண்டாம். பப்மெட்டில் உள்ள எல்லாக் கட்டுரைக்கும் மெஷ் ஒட்டப்பட்டிருக்காது. இரண்டையும் சேர்த்துத் தேடுங்கள். நடுவில் போடும் ‘ஆர்’, ‘அண்ட்’ இரண்டும் பெரிய எழுத்தில் இருக்கட்டும். அட்வான்ஸ்டு பக்கத்தில், நீங்கள் அடித்ததை பப்மெட் எப்படிப் புரிந்துகொண்டது என்று விரிவாகக் காட்டும். அதை ஒருமுறை வாசித்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

பிடிஎஃப் சேர்த்துவைப்பது

படிக்கப்போவதில்லை. அழித்துவிடுங்கள்.

ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். தட்டம்மைத் தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் இணைத்து 1998இல் வந்த கட்டுரையை ‘லான்செட்’ மருத்துவ இதழ் 2010இல் திரும்பப் பெற்றது. இணையப் பக்கத்தில் அந்த அறிவிப்பு இருக்கும். அதற்கு முன்பே நீங்கள் இறக்கிவைத்த பிரதியில் இருக்காது.

கால்குலேட்டரின் அலகைப் பார்க்காமல் விடுவது

சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியேட்டினினின் அளவு ஓர் ஊரில் மில்லிகிராமில் வரும், இன்னோர் இடத்தில் மைக்ரோமோலில் வரும். 1 மில்லிகிராம்/டெசிலிட்டர் என்பது 88.4 மைக்ரோமோல்/லிட்டர். இதை மாற்றிப் போட்டால் விடை அபத்தமாக வரும், யாருக்கும் உறைத்துவிடும். அதனால் இந்தத் தவறு அவ்வளவு ஆபத்தில்லை. பயப்பட வேண்டியது நம்பும்படியாக வரும் தப்பு விடைக்கு.

60 வயது ஆண், 60 கிலோ, கிரியேட்டினின் 1.2 மில்லிகிராம். சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தைக் கணிக்க 1976இல் வந்த காக்கிராஃப்ட்–கால்ட் சூத்திரத்தில் போட்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 56 மில்லிலிட்டர். எடைக் கட்டத்தில் கிலோவுக்குப் பதில் பவுண்டு தேர்வாகியிருந்து, நீங்கள் அதே 60ஐ அடித்தால்? விடை 25. இரண்டு எண்ணுமே வார்டில் தினமும் பார்க்கிற எண்கள்தான். 25ஐப் பார்த்து யாரும் புருவம் உயர்த்த மாட்டார்கள். மருந்தின் அளவைப் பாதியாகக் குறைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

மாணவராக இருக்கும்வரை முதல் பத்து நோயாளிகளுக்காவது தாளில் கையால் போட்டுப் பாருங்கள். எண் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்ற உணர்வு அப்போதுதான் வரும். கால்குலேட்டர் எந்தச் சூத்திரத்தைப் பயன்படுத்துகிறது என்பதையும் பாருங்கள். இதே வேலைக்கான இன்னொரு சூத்திரமான சிகேடி–எபியில் 2009 வடிவமும் உண்டு, இனக் காரணியை நீக்கிய 2021 வடிவமும் உண்டு. இரண்டும் ஒரே விடை தராது.

திரையில் சுழலும் உடலை உடல் என்று நம்புவது

முப்பரிமாண உடற்கூறியல் செயலிகள் எனக்கும் பிடிக்கும். சிலியரி நரம்புமுடிச்சு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது எனக்குப் புரிந்ததே அவற்றால்தான். ஆனால் அவற்றில் நரம்பு எப்போதும் மஞ்சள், தமனி எப்போதும் சிவப்பு, பித்தப்பைத் தமனி எப்போதும் புத்தகத்தில் சொன்ன இடத்திலிருந்தே கிளம்பும். பிணக்கூறில் எல்லாமே ஒரே பழுப்பு நிறம். அந்தத் தமனியும் நினைத்த இடத்திலிருந்தெல்லாம் கிளம்பும்.

‘விசிபிள் ஹ்யூமன்’ திட்டத்தில் ஓர் ஆணின் உடலை 1 மில்லிமீட்டர் இடைவெளியில் சீவிப் படமெடுத்து 1994இல் வெளியிட்டார்கள். டிஜிட்டல் உடற்கூறியலில் பல வேலைகள் அதிலிருந்துதான் தொடங்கின. அந்த உடலில் குடல்வால் கிடையாது. உயிரோடிருந்தபோதே அறுவை செய்து எடுத்திருந்தார்கள். மாதிரி மனிதன் என்று எடுத்த உடலே அப்படி.

ஏஐயிடம் முதலில் கேட்பது

கேட்பதில் தப்பில்லை. முதலில் கேட்பதுதான் தப்பு. கேஸை வாசித்ததும் சாட்ஜிபிடியிடம் காரணப் பட்டியல் வாங்கினால், அது தரும் ஆறும் ‘ஆமாம், எனக்கும் தோன்றியதே’ என்றுதான் படும். தோன்றியிருக்காது. உங்கள் பட்டியலை முதலில் தாளில் எழுதுங்கள், மூன்றே இருந்தாலும் சரி. அப்புறம், எதை விட்டேன், எது பொருந்தாது என்று கேளுங்கள். ‘இது நிமோனியாதானே?’ என்று கேட்காதீர்கள். ஆமாம் என்று தலையாட்டும் சுபாவம் அதற்கு உண்டு.

ஆதாரக் கட்டுரைகளைக் கேட்டால் இன்னும் கவனம். 2022 நவம்பரில் அது வெளிவந்ததிலிருந்து நான் உட்கார்ந்த கருத்தரங்குகளில் நடந்த ஒரு கூத்தைச் சொல்கிறேன். கடைசி ஸ்லைடில் 12 கட்டுரைகள். ஆசிரியர் பெயர், இதழ், வருடம், பக்க எண் எல்லாம் கச்சிதம். ஒன்றைப் பற்றிக் கொஞ்சம் விளக்கச் சொன்னேன். முகம் வெளுத்தது. பப்மெட்டில் தேடினால் 12இல் 5 உலகத்திலேயே இல்லை. இருந்த 7இலும் ஒன்று வேறு எதையோ பற்றியது. அந்த மாணவி பொய் சொல்லவில்லை. வாங்கியதைப் பிரிக்காமல் அப்படியே மேசையில் வைத்துவிட்டார். கட்டுரையின் இணைய அடையாளமான டிஓஐ எண்ணைச் சொடுக்கிப் பார்க்க ஒரு நிமிடம் ஆகாது.

எக்செல்லில் ஒரு நெடுவரிசையை மட்டும் வரிசைப்படுத்துவது

என் ஆய்வுக்காக 140 நோயாளிகளின் தகவலைச் சேர்த்திருந்தேன். வயதுவாரியாகப் பார்க்கலாம் என்று வயது நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தினேன். பக்கத்து நெடுவரிசைகளையும் சேர்க்கட்டுமா என்று எக்செல் கேட்டது. வாசிக்காமல், இப்போதிருப்பதோடு தொடர் என்று அழுத்தினேன். வயது மட்டும் நகர்ந்தது, மற்றவை அப்படியே நின்றன. சேமித்தும் விட்டேன். 19 வயதுப் பெண்ணுக்கு மாதவிடாய் நின்று 6 வருடம் என்று ஒரு வரி கண்ணில் பட்டபோதுதான் வயிற்றைக் கலக்கியது. 140 காகிதப் படிவத்தையும் எடுத்து இரண்டு இரவு மறுபடி அடித்தேன்.

மூலக் கோப்பு ஒன்றைத் தொடாமல் தனியாக வைத்துவிட்டு, அதன் பிரதியில்தான் விளையாட வேண்டும். நோயாளி எண்ணை உரை வடிவில் அடியுங்கள். இல்லாவிட்டால் 00457 என்பது 457 ஆகிவிடும். எக்செல் தானாகத் திருத்துவது சின்ன விஷயம் இல்லை. செப்ட்2, மார்ச்1 போன்ற மரபணுப் பெயர்களை அது தேதியாக மாற்றிவிடும். எக்செல் மரபணுப் பட்டியலோடு வந்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதாக 2016இல் கண்டுபிடித்தார்கள். கடைசியில் 2020இல் அந்த மரபணுக்களின் பெயர்களையே மாற்றினார்கள். மென்பொருளை மாற்றுவதைவிட மரபணுவின் பெயரை மாற்றுவது சுலபமாக இருந்திருக்கிறது.

நோயாளியின் படத்தை வகுப்புக் குழுவில் போடுவது

முகத்தை மறைத்தாலும் வேண்டாம். ஸ்கேன் கோப்பாக இருந்தால் பெயரும் பிறந்த தேதியும் டைகாம் என்ற அந்தக் கோப்பு வடிவத்தின் தலைப்புத் தகவலுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். நீங்கள் கறுப்புப் பட்டை போட்டது படத்தின் மேல் மட்டும்தான்.